வராத கப்பலும் பத்து ஏழைகளும்

காசிம்பாஷாவில், கடற்படைத் தையற்கூடத்தில், முருவ்வத் அந்தப் பெரிய கொடியை மூன்றாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கப்பலை வாங்குவதற்கு முன்பே கொடியைத் தைத்து வைக்கிற புத்திசாலிகள் இஸ்தான்புல்லில்தான் இருப்பார்கள். முதல் போர்க்கப்பலை விற்பதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். இரண்டாவதை வேறு நாடு கொத்திக்கொண்டு போனது. மூன்றாவது பேரம் இன்று காலை முறிந்தது. துணி வீணாகக் கூடாதாம், பிரிக்க வேண்டும். அவளுடைய மூன்று வருஷம் வீணானதைப் பற்றி யாருக்கு என்ன?

அவளுக்கு நிச்சயித்த ரெம்ஸி, துருப்பிடித்த பழைய கப்பலில் கரி அள்ளுகிறவன். வராத கப்பலின் ஆள் பட்டியலில் அவன் பெயர் மூன்று வருஷமாக இருக்கிறது. காபிக்கடையில் யாரோ மாப்பிள்ளையின் ஓட்டைக் கப்பலைக் கிண்டல் செய்ய, அவளுடைய அப்பா காத்ரி எஃபெண்டி ரோஷத்தில் எழுந்து, "புதுப் போர்க்கப்பல்ல ஏறினாத்தான் அவனுக்கு என் பொண்ணு, வல்லாஹி!" என்று சத்தியம் செய்துவிட்டார்.

முருவ்வத் கத்தரியை வீசிவிட்டு நேராகக் காபிக்கடை வாசலில் போய் நின்றாள்.

"வாப்பா, வெளிய வாங்க."

"பொம்பளப்புள்ளைக்கு இங்க என்னடி வேலை?"

"இந்தக் கப்பலும் வரல. சுல்தானாலயே வாங்க முடியாததை ரெம்ஸி எங்க போய் வாங்குவான்?"

உள்ளேயிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "காத்ரி, கப்பல் வரும்போது மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்காதுய்யா!"

"அல்லாஹ் மேல சத்தியம் பண்ணிட்டேன்டி."

"இமாமை முன்னாடியே கேட்டு வச்சிட்டேன். சத்தியத்தை முறிச்சா பத்து ஏழைங்களுக்கு ரெண்டு வேளை சோறு போடணும். அவ்வளவுதான்."

"ஊரே சிரிக்கும்."

"மூணு வருஷமா கடற்படையைப் பாத்துச் சிரிக்குது. கொஞ்சம் நம்மளையும் பாத்துச் சிரிக்கட்டும்."

"பத்து ஏழைக்கு நான் எங்கடி போவேன்?"

"நம்ம கடற்படையிலதான். கால்சட்டையில ஒட்டுப்போடாத ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்!"

கடையே சிரித்தது. காத்ரி எஃபெண்டி மீசையைத் தடவினார். "வியாழக்கிழமை இமாமை வரச்சொல்லு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை நிக்காஹ் முடிந்தது. முற்றத்தில் தாம்பாளத்தைச் சுற்றிக் கரி அள்ளுகிறவர்கள் உட்கார்ந்தார்கள். கொண்டைக்கடலைச் சோறு, அவரை விதைக் குழம்பு. காத்ரி எஃபெண்டி தலைகளை எண்ணினார். ஒன்பது. பத்தாவதாக ரெம்ஸி வந்து சம்மணம் போட்டான்.

"எழுந்திருடா. மாப்பிள்ளை எப்படி ஏழையாவான்?"

"இல்லாத கப்பலுக்குக் கரி அள்ள மூணு வருஷம் காத்துக்கிடந்தவன் மாமா நான். என்னைவிட ஏழை யாரு?"

அவர் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் பக்கம் சோற்றைக் குவித்தது.

"சாயங்காலமும் இதே பத்துப் பேரும் வரணும், தெரியுதா?"

"வருவாங்க வாப்பா!" அடுப்படியிலிருந்து முருவ்வத் கத்தினாள். "வேற எங்க போகப் போறாங்க? ஏறிப் போகக் கப்பலா இருக்கு?"