கழுவாத கம்ப்யூட்டர்

திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். தங்கையை வேலைக்கு எடுத்திருந்த நிறுவனம் இதைக் கடிதத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தது. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை வீட்டில் உட்கார்ந்தே தட்டச்சு செய்யும் வேலை. எட்டு ஜிபி மெமரி, வேகமான டிரைவ், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். தங்கையிடம் அதற்கான பணம் இருந்தது. ஒரு அண்ணனும் இருந்தான்.

அண்ணன் பழைய கார் விற்பவன். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே வண்டி உண்மையில் எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடுவான். அதனால் தொழிலில் அவனுக்கு ‘மீட்டர்’ என்று பெயர். வீட்டுக்கு வாங்கும் எந்தப் பொருளும் அவன் பார்வைக்குத் தப்பி உள்ளே வந்ததில்லை. சில பொருள்கள் வரவேயில்லை.

புதுசு வாங்கலாம் என்று தங்கை சொன்னபோது, “ஷோரூம் வாசலத் தாண்டின நிமிஷமே பாதி விலை. தெரிஞ்சே எவனாவது வாங்குவானா?” என்றான்.

சரி, பழசு பார்க்கலாம் என்றாள்.

“பழசு விக்கிறவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா?”

புதுசும் இல்லாமல் பழசும் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரைத் தேடி இரண்டு சனிக்கிழமைகள் போயின. இது மூன்றாவது.

அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை வாங்கி, துடைத்து, பாகம் மாற்றி விற்கும் கடை அது. கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்து இணைப்புக் கொடுத்தார். டிரைவ் புதிது. மெமரி எட்டு. ஆறு மாத வாரண்டி. திரை சட்டென்று விழித்தது. தங்கை அங்கேயே நின்றபடி நாலு வரி அடித்துப் பார்த்தாள். போதும் என்று தோன்றியது.

“எத்தன கை மாறிச்சு?” என்றான் அண்ணன்.

“ஒரே கைதான் சார். வக்கீல் ஆபீஸ். காலைல போடுவாங்க, சாயந்தரம் அணைப்பாங்க. லெட்டர் அடிக்கிறதோட சரி.”

அண்ணன் தங்கையின் காதருகே குனிந்தான். “ஒரே கை, வக்கீல், பதமா வச்சிருந்தாரு. கார் விக்கிறப்ப நான் ரிட்டயர்டு வாத்தியார்னு சொல்லுவேன். அதான் வித்தியாசம்.”

பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னான். டார்ச் அடித்தான். முகர்ந்தான். உள்ளே விரலை விட்டுத் தடவி வெளியே எடுத்தான். விரல் சுத்தமாக இருந்தது. அவன் முகம் இருண்டது.

“கழுவியிருக்கான்.”

“சுத்தம் பண்ணிருக்காங்கண்ணா. அதுக்குத்தானே இந்தக் கடை.”

“இஞ்சின எதுக்குக் கழுவுறான்? ஆயில் ஒழுகறது தெரியக் கூடாதுன்னு. அழுக்கு இஞ்சின்தான் பொய் சொல்லாது.”

அவன் கண்கள் கடையைச் சுற்றி, மூலையில் தரையில் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் போய் நின்றன. அதன் மேல் தூசி போர்வை போலப் படிந்திருந்தது.

“அது என்ன?”

“நேத்து வந்தது சார். இன்னும் கையே வைக்கல. ஆன் ஆகுமான்னுகூடப் பாக்கல.”

“அத எடுங்க,” என்றான், மூன்று வாரம் தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியோடு.

“அதுக்கு வாரண்டி கிடையாது சார்.”

“பயப்படுறவன்தான் வாரண்டி குடுப்பான். பேக் பண்ணுங்க.”

வாங்காதீர்கள் என்று ஒரு வாடிக்கையாளரிடம் கெஞ்சிப் பழக்கமில்லாததால் கடைக்காரர் தங்கையைப் பார்த்தார். பணம் அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. பேரம் பேச வசதியாக இருக்கும் என்று காலையில் அவள்தான் கொடுத்திருந்தாள். வாதாடிப் பயனில்லை. இஞ்சின் பேச்சில் அவனை ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அவள் கறுப்புப் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப இத அந்த இன்னொரு பார்ட்டிக்கே குடுத்துடுங்க. சாயந்தரம் வர்றேன்னாருல்ல.”

அப்படி ஒரு பார்ட்டி கிடையாது. அது கடைக்காரருக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. அவரும் வியாபாரிதான்.

“ஆமா. அட்வான்ஸ் போடவான்னு கேட்டாரு. நீங்க வர்றீங்கன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்.”

அண்ணன் சாம்பல் பெட்டியை விட்டுச் சட்டென்று திரும்பினான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவன் வாயால் சொல்லும் வாக்கியம் அது. வாங்குகிறவன் பக்கம் நின்று அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“யாரு அவன்? என்ன விலைக்குக் கேட்டான்?”

“உங்களுக்குச் சொன்ன விலைதான் சார்.”

“கொறைக்கச் சொல்லலையா?”

“ஒரு வார்த்த பேசல.”

அண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கறுப்புப் பெட்டி தங்கையின் மடியில் இருந்தது. அண்ணன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

“சாயந்தரம் வந்து பாத்துட்டு அவன் மூஞ்சி எப்படிப் போவும்?”

“பாவம்ணா.”

“வியாபாரத்துல பாவம் பாத்தா ஆவுமா? இதெல்லாம் நீ கத்துக்கணும்.”

“கத்துக்கிறேண்ணா,” என்று சொல்லி, மேடுபள்ளத்தில் குலுங்காமல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.