ஷூவை எங்கே வைத்தாள்

“ஷூவைக் குடுடி”, “மாட்டேம்மா, போன வாரம் மருந்துக்கடை வாசல்ல வழி தெரியாம நின்னியே, கடைக்காரர் மட்டும் போன் பண்ணலைன்னா...”, “பண்ணார்ல, அப்புறம் என்ன?”, “என்னவா? எனக்கு உயிரே போச்சு”... போகட்டும், என் மகளுக்கு என்னால் தினமும் நாலு தடவை உயிர் போய்த் திரும்புகிறது. நின்றேன்தான், இல்லையென்றா சொன்னேன், சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பியது என் தப்பு, கை நடுங்கி, தெரிந்த தெரு தெரியாத தெருவாகி, கடைக்காரர் என் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் தெரு திரும்பி வந்துவிட்டது. அதற்கு வைத்தியம் சாப்பிட்டுவிட்டுப் போவதா, ஷூவை ஒளித்து வைப்பதா? இன்னொன்று இவளிடம் சொல்லவில்லை, அதற்கு முன்பே பெயர்கள் நழுவ ஆரம்பித்துவிட்டன... தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் குரலை வைத்தே ஆளைச் சொன்னவள், எதிர்வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தும் பெயர் வராமல், வாங்க வாங்க என்று சமாளித்தேனே... டாக்டரம்மா பூசி மெழுகவில்லை, சுகர் ரொம்ப வருஷம் இருந்தா மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாயையும் கெடுக்கும்மா, வேகமா நடங்க, பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம், என்றார். எனக்கு உட்கார்ந்திருந்தாலே பாட வராதே என்றேன், சிரித்தார். மறதி நின்னுடுமா என்று கேட்டேன். சத்தியம் பண்ண மாட்டேன், தள்ளிப்போக வாய்ப்பிருக்கு... அந்த வாய்ப்பையல்லவா இவள் ஒளித்து வைத்திருக்கிறாள், கட்டிலில் உட்கார்ந்து பத்திரமாக மறந்து போ என்கிறாளா? முடியாது, என் தலை, என் கால்.

சோபாவுக்கும் சன்னலுக்கும் நடுவே கையை வீசி நடக்கிறேன், “சாப்பிட்டாச்சு, பையில மிட்டாய் இருக்கு, போன் இருக்கு, இன்னும் என்னடி வேணும்?”, “விழுந்தா?”, “எழுந்திருப்பேன். ஷூ இல்லன்னா வெறுங்கால்லயே போவேன்”, “வெறுங்காலா! சுகர் கால்ல புண்ணு வந்தா ஆறுமாம்மா?”... கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன், அவளுக்கு உறைத்துவிட்டது, “இரு, எடுத்துட்டு வரேன், தெருமுனை வரைக்கும்தான்” என்று போனாள். பீரோ திறக்கும் சத்தம், கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம், மாடிப்படி, மறுபடி மாடிப்படி... அவ்வளவு நேரமா? வந்து நின்றாள், கை காலி. ஒரு மாடி ஏறி இறங்கியதற்கா இப்படி மூச்சு வாங்குகிறது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், உடனே இன்னொன்று... “இங்கதான்மா... நேத்து நான்தானே வச்சேன்... இரு, சொல்றேன்...” மாட்டிக்கிட்டியா என்று கைகொட்டிச் சிரிக்க வேண்டிய இடம், சிரிப்பு வரவில்லை. நாற்பத்தைந்து வயதுதானே இவளுக்கு, என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, இத்தனை நாள் என் தலையைப் பற்றியே சண்டை போட்டோமே...

“என் ஷூ கிடக்கட்டும்டி. நீ கடைசியா எப்போ சுகர் பார்த்தே?”