மூலையில் உட்கார்ந்திருந்த தேவானை

கேமரா லென்ஸ்களை ஒப்பிட்டு யூடியூபில் தீர்ப்புச் சொல்வது ஃபராஸின் தொழில். போன மார்கழியில் இருபது எம்.எம்., இருபத்துநாலு எம்.எம். என்று இரண்டு வைட் ஆங்கிள் லென்ஸ்கள் அவன் கைக்கு வந்தன. எது உசத்தி என்று பார்க்க, எட்டு நாள் காலையில் மயிலாப்பூர் குளக்கரையில் ட்ரைபாடை நிறுத்தி, ஒரே காட்சியை இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தான். படத்தின் நடுவில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் எடுக்கும். ஓரத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

அந்த ஓரத்தில், இடது கீழ் மூலையில், தேவானையின் பூக்கடை இருந்தது. ஆற்றோரத்து வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் குடியேற்றிய பிறகும், விடியற்காலை பஸ் பிடித்து வந்து அதே இடத்தில் கடை போடுகிறவள். ஃபராஸ் அவளுடைய மல்லிகைச் சரத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி மொட்டு மொட்டாக ஆராய்ந்தான். ஒரு முழம்கூட வாங்கியதில்லை. முகத்தை அவன் பார்க்கவில்லை.

இருபதில் மொட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. இருபத்துநாலில் கொஞ்சம் குழைந்திருந்தன. இருபதுக்கு வெற்றி என்று வீடியோவில் அறிவித்துவிட்டு, தோற்ற லென்ஸை வடபழனியில் ஒரு கல்யாண போட்டோகிராபருக்கு விற்றுவிட்டான்.

ஆனி மாதம், குளக்கரையில் வேறெதையோ எடுத்துக்கொண்டிருந்தவனை தேவானை வந்து பிடித்தாள்.

"பாய், அப்போ எட்டு நாளு என்னியே எடுத்துக்கினு இருந்தியே, அந்தப் படம் கீதா?"

நடைபாதைக் கடைக்காரர்களுக்கு மாநகராட்சியில் அடையாள அட்டை தருகிறார்களாம். போன வருஷமே இங்கே கடை இருந்ததற்குத் தேதியோடு ஒரு படம் வேண்டுமாம். ஃபராஸுக்குப் பெருமையாகப் போயிற்று. முந்நூறு படம் இருந்தது. அத்தனையிலும் அவள் மூலையில்தான் இருந்தாள். அதனாலென்ன, வெட்டிப் பெரிதாக்கினால் போயிற்று. வென்ற லென்ஸின் படத்தையே பிரிண்ட் போட்டுத் தேதியும் அச்சடித்துக் கொடுத்தான்.

அவள் மறுநாளே திரும்பி வந்தாள். மனு வாங்கும் கஸ்தூரிரங்கன் படத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்று சொல்லிவிட்டாராம்.

"பூவு ஜோராத்தான் கீது," என்றாள். "நாந்தான் பூசணிக்கா மாதிரி கீறேன்."

ஃபராஸ் அப்போதுதான் படத்தில் இருந்த முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒரு பக்கம் இழுபட்டு, தலை சரிந்து, தோள் இரண்டு ஆள் அகலத்துக்குப் போயிருந்தது. வைட் லென்ஸில் ஓரத்தில் இருப்பவர்கள் இழுபடுவார்கள், எவ்வளவு வைடோ அவ்வளவு இழுபடுவார்கள், இருபத்துநாலைவிட இருபது வைடு என்று விளக்க ஆரம்பித்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி பாய். ரங்கன் சாருக்கு இன்னா சொல்றது?"

வீட்டுக்குப் போய் இருபத்துநாலில் எடுத்ததைத் தேடினான். மல்லிகை குழைந்திருந்தது, ஆனால் முகம் பெரும்பாலும் முகமாகவே இருந்தது. பின்னால் நின்று எட்டிப்பார்த்த மனைவி ரூபீனா, "இதுல அந்தம்மா அழகா இருக்காங்களே. இதையா தோத்துப்போச்சுன்னு சொன்னீங்க?" என்றாள். அவன் அதை பிரிண்ட் போட்டான்.

அந்தப் படத்தைக் கஸ்தூரிரங்கன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் அட்டை வந்தது. தேவானை ஃபராஸைக் கூப்பிட்டு இரண்டு முழம் மல்லி கொடுத்தாள், காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மனசாட்சி உறுத்தி, பழைய வீடியோவின் கீழே ஃபராஸ் ஒரு குறிப்பு எழுதினான்: ஓரத்தில் மனிதர்கள் இருந்தால் இருபத்துநாலே நல்லது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ப்ரோ, அது லென்ஸ் குறை இல்ல. மூலையில போய் உட்கார்ந்தவங்க தப்பு."

அதற்கு நாற்பது லைக். நாற்பத்தோராவது ஆளாக, தன் வீடியோவுக்கு வரும் எல்லாப் பதிலுக்கும் லைக் போடும் பழக்க தோஷத்தில், ஃபராஸும் லைக் போட்டுவிட்டான்.