இலைக்கான சொற்கள்

பக்கவாதம் வந்து, ஒரு வாரம் போல வாய் திறக்காமல் கிடந்த என் கணவர் முதலில் சொன்ன சொல் "ஓவேட்".

சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்த நர்ஸ், ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, "பரவாயில்ல சார், மெதுவா பேசலாம்" என்று அவர் தோளைத் தட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் அவித்த முட்டை இருந்தது. மனிதர் அதைத்தான் கேட்கிறார்.

"முட்டை வேணுமாம்" என்றேன்.

"எப்படிம்மா சொல்ற?"

"ஓவேட்னா முட்டை மாதிரி இருக்கிற இலை. உங்கப்பா பாதி ஆயுசு அந்த வார்த்தையத்தானே எழுதிட்டிருந்தார்."

உரித்துக் கொடுத்தோம். இடது கையால் வாங்கித் தின்றார். அன்றைக்கு எனக்கு இருந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார், கதவு மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஹெர்பேரியத்தில். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கி வைக்கும் இடம். அவர் தாளைப் பார்த்து இலையின் வடிவம் என்ன, விளிம்பு என்ன, நுனி என்ன என்று விவரிப்பவர். நான் ஒட்டுகிறவள். அதனால் வீட்டில் எனக்குப் பெயர் கோந்து. அவருக்கு ஆபீசில் பெயர் "சரியில்ல சார்". யார் எழுதியதைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "சரியில்ல" என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த தாளை எடுப்பார். அவரிடம் "சரி" என்று கேட்டு வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி.

எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்ததே சண்டையில்தான். ஓவேட், ஆபோவேட் என்று இரண்டு உண்டு. இரண்டும் முட்டைதான். காம்புப் பக்கம் அகலமாக இருந்தால் ஓவேட், நுனிப் பக்கம் அகலமாக இருந்தால் ஆபோவேட். லத்தீனில் அந்த "ஆப்" தலைகீழ் என்று அர்த்தம் தரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, முட்டையக் கவுத்துப் போட்டிருக்கீங்க?"

"உங்களுக்குத் தாளைத் திருப்பிப் பாக்கத் தெரியாதா?" என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் கல்யாணம், குழந்தை, குடித்தனம் எல்லாம் ஆனது. சண்டையும் நிற்கவில்லை.

சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சொற்களின் பிறப்பைச் சொல்லுவார். பெயர் வைத்த ஆட்கள் காட்டில் நின்று வைக்கவில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்து வைத்தார்கள் என்பது அவர் கட்சி. முட்டைக்கு ஓவம். ரம்பத்துக்கு செர்ரா, அதனால் ரம்பப் பல் விளிம்புக்கு செரேட். தட்டைக் கரண்டிக்கு ஸ்பாத்துலா. அடியில் இரண்டு மடல் தொங்கினால் ஆரிகுலேட், குட்டிக் காது. காம்பு நடு வயிற்றில் வந்து சேர்ந்தால் பெல்ட்டேட், பெல்ட்டா என்றால் சின்னக் கேடயம். காம்புக்கே பெட்டியோல், குட்டிக் கால் என்று அர்த்தமாம். காம்பே இல்லாத இலை செஸைல். உட்கார்ந்திருப்பது.

"பாவம், நின்னு நின்னு கால் வலிச்சு உக்காந்துடுச்சு போல" என்பேன் நான்.

"இலைக்குக் கால் வச்சவன் வலி வைக்கல, கோந்து" என்பார். அப்போது அது வெறும் பேச்சு.

விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் கையில் ஒரு புதுத் தாள் வந்தது. யாரும் அதுவரை விவரிக்காத மரம். ஒட்டியது நான்தான். எல்லாத் தாளிலும் செய்வது போல, அடிப்பக்கம் தெரிய ஓர் இலையை மட்டும் புரட்டி ஒட்டியிருந்தேன். அந்த இலை எந்தச் சொல்லுக்கும் அடங்கவில்லை. பாதி வரை ஒரு சொல் பொருந்தும், மேலே போனால் வழுக்கிவிடும். இரண்டு சொல்லைச் சேர்த்துப் பார்த்தார். மூன்றைச் சேர்த்துப் பார்த்தார். தன் எழுத்தைத் தானே பார்த்து "சரியில்ல, சரியில்ல" என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"புதுசா ஒரு வார்த்தை வைக்கப் போறேன். கெடச்சாச்சு."

"என்ன வார்த்தை?"

"நம்ம வீட்லதான் இருந்துச்சு. லத்தீன்காரன் மாதிரி நானும் வீட்டச் சுத்திப் பாத்தேன். இன்னும் ரெண்டு தாள் வரணும், அதையும் பாத்துட்டுச் சொல்றேன்."

"எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

"நீ போய் ஆபீஸ் பூரா ஒட்டிடுவ."

அந்த இரண்டு தாள் வருவதற்குள் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் குளியலறையில் விழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச காலம் நாங்கள் இலையிலேயே குடித்தனம் நடத்தினோம். பெல்ட்டேட் என்றால் குடை, அதற்கும் நடுவில்தான் காம்பு. செஸைல் என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும். ஆரிகுலேட் என்றால் கண்ணாடி, அது காதில் மாட்டுவது. மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். எனக்கு உள்ளூரப் பெருமை. ஊரில் எத்தனை பெண்டாட்டிக்குப் புருஷன் பேச்சு இப்படிப் புரியும்?

அந்தப் புது இலையின் வெளிக்கோட்டை ஆபீசில் மெல்லிய தாளில் வரைந்து எடுத்துவந்து, அவர் தூங்கும் நேரத்தில் நான் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானோடும் வைத்துப் பார்த்தேன். சீப்பு, கெட்டில் மூடி, செருப்பு, பூட்டு, துணி மாட்டும் கொக்கி. மேசை விளக்கின் குமிழ் கொஞ்சம் ஒத்துவருவது போலிருந்தது. மறுநாள் பார்த்தால் இல்லை. பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன். வார்த்தை அவருக்குள் பத்திரமாக இருக்கிறது, இலை வார்த்தைகள்தான் மிஞ்சியிருக்கின்றன, ஒருநாள் அதுவும் வந்து விழும் என்று நம்பினேன்.

பிறகு அவருக்கு முதுகில் கட்டி வந்தது. எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். செரேட், டென்டேட், லான்சியோலேட் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி கொட்டினார். ரம்பம், பல், ஈட்டி. நான் ரொட்டி வெட்டும் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் காட்டினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாயங்காலம் மகள் சட்டை மாற்றும்போதுதான் பார்த்தாள், பழுத்து, தொட்டால் உடையும் நிலையில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது வைத்தார்கள், கால் வைத்தார்கள், பல் வைத்தார்கள். வலி என்று ஒரு சொல் இலைக்கு யாரும் வைக்கவில்லை. தாகம் இல்லை, பயம் இல்லை. என்னைக் கூப்பிடவும் அதில் ஒன்றும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எங்களைத் தனியாக அழைத்துப் பேசினாள்.

"அம்மா, உங்களுக்கு அவர் பேச்சு புரியுதுல்ல, அதுதான் பிரச்சினை. அந்தப் பாதை சுலபமா இருக்கிற வரைக்கும் வேற பாதை தொறக்காது. அவர் இலை வார்த்தை சொன்னா நீங்க புரியாத மாதிரி இருக்கணும். சாதாரண வார்த்தை வந்தா உடனே 'சரி'ன்னு சொல்லணும்."

"அந்த வார்த்தையெல்லாம் போயிடுமா?"

"எனக்குத் தெரியலைம்மா. ஆனா வலிச்சா வலின்னு சொல்லணுமில்ல."

"அந்தப் புது வார்த்தை ஒண்ணு வர்ற வரைக்குமாவது..." என்று இழுத்தேன்.

மகள் என்னை முறைத்தாள். "உனக்கு அப்பா வேணுமா, வார்த்தை வேணுமா?"

இரண்டும் ஒன்றுதானடி என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் முதுகுக் கட்டியைத் தன் கையால் துடைத்தவள் அவள், அவளிடம் என்ன வாதாடுவது?

மறுநாள் காலை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று "செஸைல்" என்றார். நான் நாற்காலியை நகர்த்தவில்லை. நகர்த்தத் துடித்த கையைப் புடவையில் சுற்றிக்கொண்டேன். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். பிறகு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது போல, பொறுமையாக, "செ... ஸைல்" என்றார். நான் ஒன்றும் தெரியாதவள் போல் நின்றேன். அவர் மெல்ல நகர்ந்து வந்து, இடது கையால் என் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தார். கோணியிருக்கிறதா என்று பார்த்தார். எனக்கும் பக்கவாதம் வந்துவிட்டது என்று பயந்துவிட்டார்.

சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் அவர் பேச்சே நின்றுபோனது. என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியிருக்கும். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்தப் பெண் தினமும் வந்து படம் காட்டுவாள், சாமான் காட்டுவாள், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். போதும், விட்டுவிடலாம் என்று நான் முடிவுக்கு வந்த சமயத்தில், ஒரு காலை, தட்டைப் பார்த்து உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, "முட்... முட்டை" என்றார்.

"சரி!" என்று கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் சிரித்தாரே, அதே சிரிப்பு. அதைப் பார்க்க நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கொடுத்துக்கொண்டும் இருந்தேன், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி. நாற்காலி. குடை. போதும். ஒருநாள் முழங்காலைத் தொட்டு "வலி" என்றார். மகளும் நானும் கட்டிக்கொண்டோம், வலியைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்ட வீடு வேறு இருக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தைப் பார்ப்பார். நான் "சரி" என்றால்தான் அடுத்ததுக்குப் போவார்.

ஹெர்பேரியத்தின் இயக்குநர் பார்க்க வந்தார். என் கணவர் பேசுவதைக் கேட்டு அசந்துபோனார். "அந்தத் தாள் இன்னும் சார் மேசை மேலதான் இருக்கு. வேற யார்கிட்டயும் கொடுக்கல. ஒருதரம் கூட்டிட்டு வாங்க, இலையைப் பாத்தா எல்லாம் வந்துடும்" என்றார். எனக்கும் அந்த ஆசைதான். வீட்டில்தானே நான் புரியாதவளாக நடித்தேன், அங்கே போனால் அவர் அவராகிவிடுவார் என்று நினைத்தேன்.

பெரிய அலமாரிகள், அந்துருண்டை வாசனை, ஜன்னலோரம் அவர் மேசை. மகள் கைத்தாங்கலாக உட்கார வைத்தாள். இயக்குநர் தாளை எடுத்து முன்னால் வைத்து, பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்தார். என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கட்டைவிரல் இலையின் விளிம்போடு, தொடாமல், ஒரு நூல் உயரத்தில் நகர்ந்தது. அடியிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து அடிக்கு. நான் புரட்டி ஒட்டியிருந்த இலையிடம் வந்து நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் காத்த பத்தியத்தை முறித்தேன்.

"என்னங்க, ஓவேட்டா? ஆபோவேட்டா? சொல்லுங்க. நான் தப்பாச் சொல்றேன்னு சண்டைக்கு வாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரியாத பாஷை பேசுகிறவரிடம் நாம் மரியாதைக்காகப் புன்னகைப்போமே, அப்படிப் புன்னகைத்தார்.

"ஆபோவேட்" என்றேன் மறுபடி. "முட்டையக் கவுத்துப் போட்டிருக்கு. பெல்ட்டேட். செஸைல். உங்களோடதுங்க அதெல்லாம்."

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள்.

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. இயக்குநர் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார்.

"இலை" என்றார்.

தெளிவாக, ஒரு திக்கலும் இல்லாமல் சொன்னார். மகள் கை தட்டினாள். "அழகாச் சொன்னீங்கப்பா!" இயக்குநர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என் கணவர் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் சுலபத்தில் "சரி" சொல்லாத மனிதர், விரலை அந்த இலை மேலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சரி" என்றேன். "சரிங்க."