ப்ரஸ் ஷாப்புக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ

சூளகிரிப் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் ஆண்டுதோறும் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ஆண்டுதோறும் ஆபீஸ் அணி வெல்லும். அதன் கேப்டன் பிளான்ட் ஹெட் குருமூர்த்தி. பந்து கைக்கு வந்தால் ஓடமாட்டார், விழுவார். விழுந்தால் ஃபவுல். ஃபவுல் என்றால், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று நிதானமாகக் கூடையைப் பார்த்து எறிய ஃப்ரீ த்ரோ. அந்த நிதானம் அவருக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஆண்டு ரெஃபரி, குவாலிட்டி டிரெய்னி ஸ்டெபின். இன்டர்வியூவில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டபோது கூடைப்பந்து என்று வாய்தவறிச் சொன்னவன். அவனைப் பெர்மனென்ட் ஆக்கும் ஆர்டர் குருமூர்த்தியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆர்டரைப் பார்த்த பிறகுதான் தன் மகள் ஜெசியை அவனுக்குக் கொடுக்கும் பேச்சு என்று மத்தூர் ஜான்பீட்டர் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே ஸ்டெபின் ஊதினான். ஆட்டம் முடிந்தபோது ஆபீஸுக்கு இருபத்தாறு ஃப்ரீ த்ரோ. தகடு அழுத்தும் ப்ரஸ் ஷாப்புக்கு இரண்டு.

“ஏம்ப்பா ஸ்டெபினு, அவரு மேல ஃபேன் காத்து பட்டாலும் ஊதற. என் வாயில முழங்கை இடிச்சப்போ மட்டும் விசில்ல எச்சி அடச்சிக்கிச்சா?” என்றார் ப்ரஸ் ஷாப் கேப்டன் ஆஞ்சப்பன்.

“நான் பாக்கலண்ணா.”

“பல்லு ஆடுது. ஆட்டிக் காட்டட்டா?”

மறுநாள் ப்ரஸ் ஷாப்பில் ஒருவரும் குருமூர்த்திக்கு வணக்கம் வைக்கவில்லை. தன்னை நியாயவான் என்று நம்பியிருந்தவருக்கு அது தாங்கவில்லை. மீட்டிங் போட்டார். விரிசல் விட்ட தகடோ, உப்பு கூடிய சாம்பாரோ, எங்கள் கம்பெனியில் வைத்தியம் ஒன்றுதான்: உட்கார்ந்து ஐந்து முறை ‘ஏன்’ கேட்பது.

ஏன் இருபத்தாறு? சார் அடிக்கடி விழுந்தார். ஏன் விழுந்தார்? எல்லோரும் ஏசியைப் பார்த்தார்கள். தரை வழுக்கல் என்றார் ஹெச்ஆர். மீதி மூன்று ‘ஏன்’களும் குருமூர்த்தியைத் தொடாமல் சுற்றிப்போய் மூல காரணத்தைப் பிடித்தன: ஃப்ரீ த்ரோவுக்கு அளவு நிர்ணயிக்கவில்லை.

“இவ்வளவுதான் கூடலாம், குறையலாம்னு தகட்டுக்கு டாலரன்ஸ் இருக்கு, நியாயத்துக்கு வேணாமா?” என்றார் குருமூர்த்தி. கைதட்டல். இனி இரண்டு அணிக்கும் ஃப்ரீ த்ரோ சமம். வித்தியாசம் இரண்டைத் தாண்டக் கூடாது. இதன்படி ஒரு மறு ஆட்டம் வைப்பதென்றும் முடிவானது. கையெழுத்திட்டு ஹெட் ஆபீஸுக்கும் அனுப்பினார். அங்கிருந்து ஒரு பெரியவரே மறு ஆட்டத்தைப் பார்க்க வந்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கியதும் குருமூர்த்தி விழுந்தார். ஸ்டெபின் இரண்டு கொடுத்தான். திரும்பினால், எதிர்ப்பக்கம் ஆஞ்சப்பன் மல்லாந்து கிடந்தார்.

“அண்ணா, உங்கள யாரும் தொடலயே!”

“கணக்க சரி பண்ணுப்பா. நான் படுத்தாச்சு.”

அதன்பிறகு முறை வைத்து விழுந்தார்கள். கோர்ட் பார்ப்பதற்கு அரசு மருத்துவமனை வராந்தா மாதிரி இருந்தது.

கடைசி நிமிடம். ஸ்கோர் சமம். ஃப்ரீ த்ரோவில் ஆபீஸ் இரண்டு கூடுதல். அப்போதுதான் குருமூர்த்திக்கு என்ன தோன்றியதோ, வாழ்வில் முதல்முறையாகக் கூடையை நோக்கி நிஜமாகவே ஓடினார். ஆஞ்சப்பன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, சார் உருண்டார். கண் தெரியாதவனும் ஊதுவான்.

விசில் ஸ்டெபினின் பல்லிடுக்கில் இருந்தது. ஊதினால் வித்தியாசம் நாலு, அதுவும் ஹெட் ஆபீஸ் கண்ணெதிரே. ஊதாவிட்டால் ஆர்டர் போச்சு, ஜெசியும் போச்சு. யோசிப்பதற்குள் ஆஞ்சப்பன் பந்தோடு மறுகோடிக்கு ஓடிக் கூடையில் போட்டுவிட்டார். நேரம் முடிந்தது.

“ஃபவுலுய்யா! கண்ணு இல்ல உனக்கு?” என்றார் தரையிலிருந்து குருமூர்த்தி.

ஸ்டெபின் பக்கத்தில் குந்தினான். “ஃபவுல்தான் சார். ஊதினா டாலரன்ஸ் தாண்டிரும் சார். நீங்கதான சார் கையெழுத்து போட்டீங்க?”

அதற்குள் ஹெட் ஆபீஸ் பெரியவர் கைதட்டிக்கொண்டே வந்தார். “பிளான்ட் ஹெட்டுக்கே ஊதலயே! என்ன சிஸ்டம், என்ன சிஸ்டம்! யாரு அந்தப் பையன்?”

“அதான் சார் நம்ம கல்ச்சர்” என்று எழுந்த குருமூர்த்தி, பொத்தானே இல்லாத சட்டையைப் பூட்டப் பார்த்தார். “நம்ம ஸ்டெபின். இந்த வாரம் பெர்மனென்ட் பண்றோம்.”

ஆர்டர் வந்ததும் ஸ்டெபின் ஜெசிக்குப் போன் செய்தான்.

“அப்பா சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்றாரு, மாப்ள அவ்ளோ நேர்மைன்னு. அப்படி என்ன பண்ணீங்க?”

“அந்த மேட்ச்சுல ஒரே ஒரு நெஜ ஃபவுல் நடந்துச்சு.”

“சரி?”

“அத மட்டும் விட்டுட்டேன்.”

ஜெசி குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பாகிட்ட சொல்லிறாதீங்க. மண்டபம் பேசிட்டாரு.”