எட்டுப் பேர் மேசை

"மேசையோட அடிப்பக்கம் ஒரு போட்டோ போட முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அடிப்பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் ஒரு படம் எடுத்துப் போட்டாள். கேட்ட மனிதர் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் காணாமல் போனார். மேசை வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் குடியிருப்பில் வேண்டாத சாமான்களைச் சும்மா கைமாற்றிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதற்குச் சட்டதிட்டமெல்லாம் உண்டு. முதலில் 'எனக்கு' என்று எழுதுகிறவருக்கே பொருள். அன்று மாலைக்குள் வந்து எடுக்காவிட்டால் அடுத்து எழுதியவருக்குப் போய்விடும். குழுவை நடத்திய ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் இதில் தயவு தாட்சண்யமே பார்க்க மாட்டார். வரிசையில் இரண்டாவதாக வந்தாள் என்பதற்காகச் சொந்த மனைவிக்கே ஒரு குக்கர் கிடைக்கவிடாமல் செய்தவர்.

அவளுக்கு அந்த மேசை அன்றைக்கே வெளியே போயாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்த பிசியோதெரபி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்ப்பதென்று துணிந்திருந்தாள். சிகிச்சைக் கட்டில் மாலையில் வருகிறது. தோள்பட்டை தூக்க முடியாத ஒரு பஸ் டிரைவர் மறுநாள் காலையில் வருகிறார். "இடம் காலியா இல்லைன்னா கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோயிடுவோம் மேடம். அப்புறம் அடுத்த மாசம்தான்" என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். முன்னறையிலோ, சுவருக்குச் சுவர் மேசைதான் இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மேசை எட்டுப் பேருக்கு.

அது பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நாத்தனார் அவள் தலையில் கட்டியது. கணவனின் அக்கா, பெரியவர், மறுத்துப் பேச முடியவில்லை. வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அக்கப்போர். வாரம் தவறாமல் வருவார். வந்து மேசையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். "என் மேசைல சூடா பாத்திரத்தை வெச்சியா?" என்பார். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "நான் குடுத்ததுதான், இந்தக் காலத்துல யார் குடுப்பா?" என்பார். சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரி அதில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. சும்மா வந்த பொருளைச் சும்மா கொடுப்பதற்கு முன்னால், கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பைக் கணவனிடம் கொடுத்திருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ம்ம், சொல்லிட்டேன்" என்றிருந்தான் அவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

குழுவில் கேள்விகள் வந்தபடி இருந்தன. இதே மேசை கொஞ்சம் வெளிர் நிறத்தில் இருக்குமா என்று ஒருவர். வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவீர்களா என்று இன்னொருவர். மகன் கல்யாணம் முடிவாகட்டும், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று ஓர் அம்மா; மகனுக்குப் பெண்ணே இன்னும் பார்க்கவில்லையாம். பாதியாக அறுத்துத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு புண்ணியவான். சும்மா கொடுக்கிறவளுக்கு வேறு வேலைவெட்டி கிடையாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

அப்போதுதான் அந்த ஒற்றை வார்த்தை வந்தது. 'எனக்கு.' எழுதியவர் நாத்தனார். அதற்கு நேர் கீழே, மூன்றாம் மாடி டியூஷன் டீச்சரின் 'எனக்கு' வந்து விழுந்தது.

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். "அண்ணி, மேசை உங்களுக்கா?"

"என் மேசை எனக்குத்தானே?"

"எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"

"எதுக்கு எடுக்கணும்? எங்க வீட்டுல அதுக்கு இடம் ஏது? அங்கயே இருக்கட்டும்."

"அண்ணி, அவர் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"யாரு, உன் புருஷனா? அவன் என்ன சொன்னான்? ஊரு உலகமெல்லாம் பாக்கற குழுவுல என் மேசைய ஏலம் போட்டிருக்க. அதைப் பாத்துத்தான் நானே தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டான்.

மத்தியானம் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். தலைமாட்டு நாற்காலியில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார். டீ கொடுத்தாள், குடித்தார். பேச்சு எடுத்தாள், ஜன்னலைப் பார்த்தார். மாலையும் ஆனது. டியூஷன் டீச்சர் கணவரையும் அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே போஸ்ட் மாஸ்டர்.

"நேரம் முடிஞ்சுபோச்சும்மா. முதல் ஆள் எடுக்கலை. பொருள் இப்ப டீச்சருக்கு" என்றார் தீர்ப்பு வாசிப்பவரைப் போல.

"உங்க சட்டத்தை உங்க வீட்டுல வெச்சுக்குங்க" என்று நாத்தனார் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கீழே கட்டில் வண்டியின் ஹாரன் கேட்டது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நான் ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டேன். இனிமே எனக்கு இந்த ரூம்தான் வேலை. கட்டில் கீழ வந்து நிக்குது. மேசை போகலைன்னா நாளைக்கு எனக்குப் பொழப்பு இல்ல. உங்களுக்கு உங்க மேசை பெருசா, நான் பெருசா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் உடைந்ததில் இன்னும் கோபம் வந்தது.

நாத்தனார் மேசையிலிருந்து கையை எடுத்தார். "வேலைய விட்டுட்டியா? எப்ப?"

"அதையும் அவர் சொல்லலையா?"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கணவன் சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள..." என்றான்.

"உனக்குப் பேச்சு வரலைன்னு எங்கம்மா அந்தக் காலத்துல டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினாங்க. இன்னும் வரலை பாரு" என்றார் நாத்தனார். பிறகு டியூஷன் டீச்சரிடம், "தூக்குங்க. சுவத்துல இடிக்காம. பசங்க பேனாவால கிறுக்கினா நான் வந்து கேப்பேன்" என்றார்.

மேசை பக்கவாட்டில் படுத்து, கதவில் ஒருமுறை மாட்டி, ஒருவழியாக வெளியேறியது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் போயின. மிச்சம் இருந்தது நாத்தனார் உட்கார்ந்திருந்த ஒன்றுதான். டீச்சரின் கணவர் அதற்காக மரியாதையோடு காத்து நின்றார். நாத்தனார் எழப் பார்த்தார். பாதி எழுந்து, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார்.

இன்னும் என்ன பிடிவாதம் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"கொஞ்சம் கை குடு" என்றார் நாத்தனார் மெதுவாக. "பிடிச்சு எழுந்திரிக்க ஒண்ணும் இல்லையே."

கை கொடுத்தபோதுதான் பார்த்தாள். வலது கால் தரையில் ஊன்றவே இல்லை. பாரம் முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. நாள் முழுக்க ஊரார் முட்டிகளைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறவள், வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்துபோன முட்டியைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"எத்தனை நாளா அண்ணி?"

"அது கெடக்கு. கட்டிலை உள்ள கொண்டாரச் சொல்லு."

கடைசி நாற்காலியும் போய், கட்டில் உள்ளே வந்தது. காலியான அறையில் உட்கார அது ஒன்றுதான் இருந்தது. நாத்தனாரை அதில் ஏற்றி உட்காரவைத்து, முட்டியைக் கையில் ஏந்தி மெல்ல மடக்கிப் பார்த்தாள். உள்ளே நெறுநெறுவென்றது.

"தினமும் வாங்க அண்ணி. நான் சரிபண்ணி விடறேன்."

"எவ்வளவு?"

"என்ன அண்ணி, உங்ககிட்ட போய் காசா? சும்மாதான்."

நாத்தனார் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சும்மா வேண்டாம்."

"ஏன்?"

"சும்மா குடுத்தவ என்னெல்லாம் பேசுவான்னு எனக்குத் தெரியாதா? நான் பேசாததா? நாலு பேர் முன்னாடி, இது நான் சரிபண்ணின முட்டி, மாடிப்படி ஏறி ஏன் தேய்க்கறீங்கன்னு கேப்ப. நான் வாயத் தொறக்க முடியாது. மத்தவங்ககிட்ட என்ன வாங்குவியோ அதை என்கிட்டயும் வாங்கிக்கோ."

இத்தனை வருஷம் மனசுக்குள் அவள் நாத்தனாரைத் திட்டியதெல்லாம், நாத்தனார் வாயாலேயே வந்துவிட்டது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "சரி அண்ணி" என்று காலை மறுபடி பிடித்து நீட்டினாள்.

"மெதுவாடி!" என்று கத்தினார் நாத்தனார். "காசு குடுக்கறேன்ல?"