கலைமணி கொண்டுவந்த முட்டை

ஐந்து மாதக் கர்ப்பிணியான சுகுணா குமட்டக் குமட்டச் சாப்பிட்டாள். களி, கீரை, நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரை என்று ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. புருஷன் சிவபிரகாஷைப் பீடியோடு வாசல்படி ஏறவிடுவதில்லை. மரவள்ளிக் காட்டுக்கு மருந்தடிக்கிற நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது இந்தக் கவனமெல்லாம் எங்கே போயிருந்தது?

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த வருடம்தான் பக்கத்து வீட்டுப் பொன்னாயி, மலையிறங்குகிற ஜீப்பிலேயே வலி கண்டு, பெரிய தலை வெளியே வராமல் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. சுகுணாவுக்குக் குலை நடுங்கிவிட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தால் சுளுவாக வந்துவிடும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அரை வயிறு சாப்பிட்டாள். மாத்திரையை மிளகுக்கொடித் தூரில் போட்டு மண்ணைத் தள்ளினாள். நர்ஸம்மா கேட்டால், "தெனமும் போடறனுங்க" என்று கூசாமல் சொன்னாள்.

மூத்தவள் கலைமணி மாதம் நிறையும் முன்பே பிறந்தாள், ஒன்றே முக்கால் கிலோ. சுளுவாகத்தான் பிறந்தாள். என்ன புண்ணியம்?

இப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பையைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், செருப்பை ஓடையில் விடுவாள், சொன்ன சொல் காதில் ஏறும் முன்னே பறந்துவிடுவாள். டீச்சர் சொல்லி நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார் டாக்டர். "எடை கம்மியா, முன்கூட்டியே பொறக்கற கொழந்தைங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருதும்மா. ஆனா உங்க கொழந்தைக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்லமுடியாது." முதல் பாதிதான் சுகுணாவின் மண்டையில் ஏறியது. மலையேறி வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

போன வாரம் அங்கன்வாடியில் நர்ஸ் கவிதா எடை பார்த்தாள். "நல்லா ஏறியிருக்குதே!" என்றதும் சுகுணாவுக்கு அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"இந்தக் கொழந்தையாச்சும் அவளாட்டம் ஆகாம நல்லபடியாப் பொறக்கோணுமுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜன்னல் கம்பியில் கலைமணி தொங்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாளோ? அவளுக்குத்தான் எதிலும் கவனம் நிற்காதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள் சுகுணா.

இன்று பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், கலைமணியைக் காணோம். எப்போதும் முதலில் ஓடிவருகிறவள் அவள்தான். பயந்துகொண்டே ரோட்டுக்குப் போனாள் சுகுணா. கண்ணில் பட்டதும் முதுகில் இரண்டு வைப்பது என்ற கோபம் வேறு.

தூரத்தில் கலைமணி வந்தாள். நடந்து வந்தாள். இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து. மகள் அப்படி நடந்து சுகுணா பார்த்ததே இல்லை.

"ஏங் கண்ணு, இவ்வளவு நேரம்?"

கலைமணி கையை விரித்தாள். நோட்டுத் தாளில் சுற்றிய சத்துணவு முட்டை.

"நேத்தும் கொண்டாந்தேம்மா. ஓடுனனா, கீழ வுழுந்து மண்ணாப் போச்சு. அதுதான் இன்னைக்கு நடந்தே வந்தேன். நீ தின்னு. இல்லீனா பாப்பா என்னாட்டம் ஆயிருமில்ல?"

சுகுணாவுக்கு ஓங்க நினைத்த கை விழுந்துவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து முட்டையை வாங்கிக்கொண்டாள். அது முழுசாக இருந்தது.

"நான் வயித்துல இருந்தப்ப உனக்கு யாரும் முட்டை தரலயாம்மா?"

ஏழு வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது வாய்வரை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

"எல்லாம் தந்தாங்க சாமி. நாந்தான் திங்கல. நாந்தான்..."

மேல் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் நிமிர்ந்தபோது கலைமணி அங்கே இல்லை. பஸ்ஸைப் பார்க்க, ஒற்றைச் செருப்போடு பாதி தூரம் ஓடிவிட்டிருந்தாள்.